ருவைஸில் என் கணவருடன் கைகுலுக்கிய நாள்

போன மாதம் ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறதாம். கணவருக்கு ருவைஸில் வேலை, இவருக்கு அபுதாபியில். "பஸ்ஸில் தனியாகப் போகலாமா, எவ்வளவு நேரம் ஆகும், வழியில் சாப்பிட என்ன கிடைக்கும், எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். இந்த வலைப்பூவில் காசி முதல் கன்னியாகுமரி வரை எழுதியிருக்கிறேன். வளைகுடாவில் அத்தனை வருடம் குப்பை கொட்டியும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ருவைஸுக்கு நான் போனது ஒரே ஒரு முறை. அதுவும் பதினொரு ஜப்பானியக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு. அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன், உங்களுக்கு வேண்டிய தகவலும் நடுநடுவே வரும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நவம்பர். அபுதாபியில் ஒரு வில்லாவில் நடந்துவந்த சின்ன ஜப்பானியப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை பார்த்த ஜப்பானியர்களின் பிள்ளைகள் படித்த இடம். ஜப்பானியர் அல்லாத ஆசிரியர் நான் ஒருத்திதான். குறை சொல்லக்கூடாது, எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிக்கும்போது நானும் ஒரு விநாடி தாமதித்துச் சிரிப்பேன், எதற்கென்று தெரியாமலே. கேட்டால் யாராவது ஆங்கிலத்தில் விளக்குவார்கள். விளக்கிக் கேட்ட ஜோக்கும் ஆறிப்போன காபியும் ஒன்று. அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன்.

வீடு என்று சொல்லிக்கொண்டது இரண்டு மலையாளி நர்ஸ்களோடு பங்கு போட்ட ஒரு ஃபிளாட். ஒருத்தி டூட்டிக்குப் போனால் இன்னொருத்தி டூட்டி முடிந்து வந்து தூங்குவாள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. என் கணவர் கணேசன் ருவைஸ் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் என்ஜினீயர். அவர் இருந்தது ஆண்கள் கேம்ப், குடும்பத்துக்கு இடமில்லை. சாதாரணமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வருவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார். அந்த வருடம் ஆலையை நிறுத்திப் பிரித்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வந்ததால் எல்லோருடைய லீவும் ரத்து. இரண்டு மாதமாக நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. ஏழு வயது மகள் நித்யா திருச்சி தில்லை நகரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தாள். மூன்று பேர் உள்ள குடும்பம், மூன்று ஊரில்.

அப்போதுதான் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா அறிவித்தார்கள். எண்ணெய் எப்படிச் சுத்திகரிக்கப்படுகிறது என்று பார்க்க, ருவைஸ். அதுவும் கணேசன் வேலை பார்க்கும் அதே ஆலை. துணைத் தலைமையாசிரியர் ஒகாவா பெயர்களை வாசித்தார், கூடப் போகும் ஆசிரியர்கள் அவரும் நானும். 

அன்றைக்கே கேம்ப் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு போன்தான், எப்போதும் அதற்கொரு வரிசை.

"புதன்கிழமை ஸ்கூல் பசங்களோட உங்க பிளான்ட்டுக்கு வர்றேங்க."

"நிஜமாவா? நல்லவேளை வசந்தா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும், இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடணும். நீ என்ன சொல்றே?"

அவருக்குப் பின்னால் யாரோ "பாய், ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்துவது எனக்கே கேட்டது.

"நேர்ல சொல்றேங்க."

"சரி. நீ சொல்றதுதான் முடிவு."

"இன்னொண்ணு. அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. இவங்க ரொம்பக் கறாரானவங்க. டூட்டி நேரத்துல புருஷனைப் பாக்க வந்தான்னு பேர் வரக்கூடாது."

"சரி சரி" என்று அவர் சொல்லும்போதே லைன் போய்விட்டது.

நான் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். வேண்டாம், மூட்டை கட்டுங்கள், ஊருக்குப் போகலாம். அதற்கு முந்தின வாரம்தான் நித்யா பேசி அனுப்பிய கேசட் வந்திருந்தது. பள்ளிக்கூடம், ரயில் பொம்மை, பல் விழுந்தது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்தில் இருந்த என் நாத்தனாரிடம் "அம்மா, போதுமா?" என்று கேட்டாள். "அத்தைடி" என்று அவள் திருத்தினாள். அவ்வளவுதான் அந்தக் கேசட்டில். அதைக் கேட்டபிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஜப்பானியப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளே படம் வரைந்து, எழுதி, தைத்து, ஆளுக்கொரு கையேடு தயாரிப்பார்கள். எத்தனை மணிக்கு எங்கே, யார் எந்தக் குழு, என்ன கேள்வி கேட்பது, எல்லாம் அதில் இருக்கும். கொறிக்கத் தீனி ஐந்து திர்ஹத்துக்கு மேல் கொண்டுவரக்கூடாது என்றுகூட இருந்தது. எனக்கு வேண்டியது ஒரே வரி: 12.40 முதல் 1.20 வரை சுதந்திர நேரம். ஜப்பானியர் சுற்றுலாவில் நாற்பது நிமிடம் சும்மா விடுவது அதிசயம். அந்த நேரத்தில் எங்காவது ஒதுங்கிப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ். ஐந்து திர்ஹம் விதி ஆசிரியருக்கும் உண்டு, என் கையிலோ இரண்டு கிலோ முறுக்கு, ஒரு பாட்டில் பருப்புப் பொடி, அந்தக் கேசட். டிரைவர் யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தப் பள்ளியில் நான் தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"பையை இஞ்ச தாங்கோ ரீச்சர். என்ர சீற்றுக்குக் கீழ வைக்கிறன்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஏன் ரீச்சர், சொந்த மனிசனைப் பாக்கிறதுக்கும் களவோ? எங்கட ஆக்கள் எண்டால் கேற்றடியிலயே கத்திக் கூப்பிட்டிருப்பம்."

"உங்களுக்கு இவங்களைத் தெரியாது" என்றேன்.

"ஓம், உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டுக் கியரைப் போட்டார்.

அபுதாபியிலிருந்து ருவைஸ் சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். அன்றைக்கு எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. ஊர் எல்லை தாண்டியதும் இடதுபக்கம் மணல், வலதுபக்கம் உப்புப் படிந்த வெள்ளைத் தரை, அதற்கு அப்பால் எப்போதாவது கோடு மாதிரி கடல். போகும்போது வலதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், கடலும் தெரியும், வெயிலும் அடிக்காது. பாதி வழியில் தாரிஃப். அங்கே பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு பாகிஸ்தானியப் பட்டாணியரின் டீக்கடை இருந்தது, டீ அரை திர்ஹம், ரொட்டி சுடச்சுட. பிள்ளைகள் இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை, ஒன்று இரண்டு மூன்று என்று தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். பதினொன்றோடு எண்ணிக்கை நின்றுவிடும். ஆசிரியர்கள் அதில் சேர்த்தியில்லை. என்னையும் யாராவது எண்ணினால் தேவலை என்று தோன்றியது.

பத்தரைக்கு ஆலை வாசல். வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் வரவேற்றார். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவரைக் காட்டி, "இவர் மிஸ்டர் கணேசன், இன்றைக்கு உங்கள் வழிகாட்டி" என்றார்.

 கேன்டீன் பக்கம் எங்காவது நிற்பார் என்று நினைத்த மனிதர், எதிரே நிற்கிறார். இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது, இரண்டு மாதத்தில் நரைக்குமா என்ன, நான்தான் முன்பு கவனிக்கவில்லையோ. ஒகாவாவோடு கைகுலுக்கினார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டி, ஆங்கிலத்தில், "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, டீச்சர்" என்றார்.

நானும் கையைக் கொடுத்து, "எனக்கும் மகிழ்ச்சி, மிஸ்டர் கணேசன்" என்றேன். கல்யாணத்தில் அந்தக் கையைப் பிடித்ததற்கு ஊரே கூடி அட்சதை போட்டது. இங்கே ஒரு குலுக்கு, விட்டுவிட்டோம். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஒகாவா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அந்தப் பார்வைக்கு நான் அப்போது அர்த்தம் தேடவில்லை.

ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். கணேசன் ஆங்கிலத்தில் சொல்வார், அதை நான் சின்ன வாக்கியங்களாக உடைப்பேன், மிச்சத்தை ஒகாவா ஜப்பானிய மொழியில் சொல்வார். ஊமை கண்ட கனவு மாதிரி இருந்தது எனக்கு. ஒரு முறை பிள்ளைகள் இரும்புப் படியில் ஏறும்போது, குழாயைப் பார்த்தபடியே, "நித்யா எப்படி இருக்கா?" என்றார்.

"கேசட் வந்திருக்கு. பையில இருக்கு, டிரைவர்கிட்ட."

"நீ ஏன் இப்படிக் கறுத்துட்டே?"

அதற்குள் ஒகாவா கீழே வந்துவிட்டார். "பார்த்து ஏறுங்கள் குழந்தைகளே" என்று நான் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தேன்.

சாப்பாட்டுக்கு முன் கேள்வி நேரம். குழுவுக்கு ஒருவர் எழுந்து, கையேட்டில் எழுதிவைத்த கேள்வியைக் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள். கடைசியாக யூகோ எழுந்தாள். பதினொரு வயது, அதிகம் பேசாத பெண். அவள் அப்பா சவூதிக்கு மாற்றலாகி, குடும்பத்தை இங்கே விட்டுத் தனியாகப் போயிருந்தார். அவள் கையேட்டை மூடிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா?"

"இருக்கிறது. மனைவி ஒரு ஊரில், மகள் ஒரு ஊரில், நான் இங்கே."

"எப்போது ஒன்றாக இருப்பீர்கள்?"

கணேசன் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் இரண்டு வருடம் இங்கே இருக்கச் சொல்கிறார்கள். இருப்பதா, போவதா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அந்தப் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. குழுவாகத் தலைகளைச் சேர்த்துப் பேசி, எல்லோருக்கும் சம்மதமானதைத்தான் சொல்வார்கள். அன்றைக்கும் குசுகுசுவென்று பேசினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் எல்லோரும் கம்பெனி சொன்ன இடத்துக்குப் போனவர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். பதினொரு பேரும் எழுந்து நின்று, குனிந்து, ஒரே குரலில், "கன்பத்தே குதாசாய்!" என்றார்கள்.

கணேசன் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்கள், டீச்சர்?"

பரீட்சைக்குப் போகிறவனுக்கும் ஓடப்போகிறவனுக்கும் ஜப்பானியர் சொல்வது அது. ஒகாவா பக்கத்தில் நிற்கிறார், அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். மாற்றிச் சொல்ல வழியில்லை. "மனம் தளராமல் உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் என்கிறார்கள்" என்றேன்.

"நன்றி, டீச்சர். அப்படியே செய்கிறேன்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. பரவாயில்லை, நாற்பது நிமிடம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாப்பாடு ஆரம்பித்ததும் யோகநாதன் பையைக் கொண்டுபோய்க் கணேசனிடம் கொடுத்தார். பிள்ளைகள் டப்பாவைத் திறந்து, கைகூப்பிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். நான் புளியோதரையைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு ஒகாவா எழுந்தார். சுதந்திர நேரம் ரத்து, போட்டோ எடுத்துக்கொண்டு உடனே புறப்படுகிறோம் என்றார். காரணம் சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததென்பார்களே, அதுதான். போட்டோவுக்கு கணேசனை ஒரு ஓரத்தில் நிற்கவைத்தார் ஒகாவா, என்னை மறு ஓரத்தில். படம் எடுத்து முடித்ததும் நான் துணிந்து கணேசனை நோக்கி நாலு அடி வைத்தேன். ஒகாவா வேகமாகக் குறுக்கே வந்து, மெல்லிய குரலில், "நீங்கள் பஸ்ஸுக்குப் போங்கள் வசந்தா சென்செய். நன்றி சொல்வதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சென்செய் என்றால் ஆசிரியர். தமிழில் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும், அங்கே வேறு யாருக்கும் புரிந்திருக்காது. காலையிலிருந்து அந்நியர்களாக நடித்துவிட்டு, திடீரென்று எப்படிக் கத்துவது?  பஸ் திரும்பும்போது அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் ஜப்பானியர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, இன்று என்ன கற்றேன், எதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒருவன் தண்ணீர் பாட்டிலை மறந்ததைச் சொன்னான். யூகோ, கணேசன் அவர்களின் மகளுக்கு என்ன பெயர் என்று கேட்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "அவள் பெயர் நித்யா" என்றேன். "மிஸ்டர் கணேசன் என் கணவர். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்."

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.  தாரிஃபில் பஸ் நின்றதும் ஒகாவா என்னை ஓரமாக அழைத்தார்.

"வேலையில் சேரும்போது உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லியிருந்தீர்கள். அவரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்கியது நான்தான். அந்த நாற்பது நிமிடத்தைப் போட்டதும் உங்களுக்காகத்தான். நீங்களாக வாய்திறந்து கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆனால் இருவரும் அந்நியர்போலக் கைகுலுக்கினீர்கள். உங்களுக்குள் ஏதோ முறிந்துவிட்டது, தெரியாமல் உங்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். சீக்கிரம் அங்கிருந்து உங்களை அழைத்துப்போக வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரியாதை கருதி அவர் கேட்காமல் இருந்தார், மரியாதை கருதி நான் சொல்லாமல் இருந்தேன்.

கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸைத் திருப்பலாமா என்று யோகநாதனைக் கேட்டார். திரும்பிப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல், பள்ளி வாசலில் பெற்றோர்கள் வந்து நிற்பார்கள். வேண்டாம், போன் இருக்கிறதே என்றேன். பெட்ரோல் பங்கில் ஒகாவாவே கெஞ்சிப் போன் வாங்கிக்கொடுத்தார். கேம்ப் கிளார்க் எடுத்தார். கணேசன் சார் சைட்டில் இருக்கிறார், என்ன சொல்ல வேண்டும் என்றார்.

"கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க! அவரோட மனைவி சொன்னாங்கன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். டீக்கடைப் பட்டாணியர் ரொட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். யோகநாதன், "இதைத்தானே ரீச்சர் காலமையே சொன்னனான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு கணேசனே கூப்பிட்டார்.

"என்ன வசந்தா, கிளார்க் என்னமோ சொல்றான்? நீதானே உன் வாயாலயே சொன்னே, மனசு தளராம செய்யுங்கன்னு?"

"அது பசங்க சொன்னதுங்க. நான் வெறுமனே இங்கிலீஷ்ல சொன்னேன்."

 "நேர்ல சொல்றேன்னியே. எல்லார் முன்னாடியும் இப்படித்தான் சொல்ல முடிஞ்சதுபோலன்னு நினைச்சேன்" என்றார். "உங்க பஸ் போன கையோட போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

மறுநாள் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார். கலாஸ், முடிந்தது என்றுவிட்டார்கள். இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. எங்களைக் கூப்பிட வார்த்தை கிடைக்காமல் "ஏங்க" என்று ஆரம்பித்தாள். சரியாக ரொம்ப நாளானது.

வாசகிக்கு: பஸ்ஸில் தாராளமாகத் தனியாகப் போகலாம். தண்ணீர் இரண்டு பாட்டில், தலைக்கு ஒரு துப்பட்டா, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். சாலையும் பஸ் நேரமும் இப்போது நிறைய மாறியிருக்கும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. போய் இறங்கியதும் வாட்ச்மேன் யாரென்று கேட்டால், இன்னாருடைய மனைவி என்று உரக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒகாவா அந்தப் போட்டோவை இரண்டு பிரதி போட்டு, ஒன்றை எனக்கும் ஒன்றைக் கணேசனுக்கும் சட்டம் போட்டுக் கொடுத்தார். வளைகுடாவில் நாங்கள் இருவரும் ஒன்றாக இருக்கும் படம் அது ஒன்றுதான். ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் நான், நடுவில் பதினொரு குழந்தைகள். எங்கள் குழந்தை மட்டும் இல்லை.